‘விவரம் அறிய’ என்ற பச்சைப் பட்டன்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஈப்போவில் ஓர் உணவகத்தில் எனக்கு மதிய விருந்து வைத்தார்கள். மீன் தலைக் கறியைப் பரிமாறிக்கொண்டே, அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த பெண் கேட்டாள்: “அக்கா, நீங்க ஏன் எந்தப் பட்டனையும் நம்ப மாட்டீங்க?” எல்லாரும் சிரித்தார்கள். அவள் இணையப் பக்கங்களில் நாம் அமுக்குகிற பட்டனைச் சொன்னாள். ஒரு தளம் வெளியே போகும் முன் அதில் உள்ள ஒவ்வொரு பட்டனையும், எத்தனை மொழி இருக்கிறதோ அத்தனையிலும், நான் அமுக்கிப் பார்ப்பேன். சீனம் எனக்குத் தெரியாது. தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். இப்போது மொழிபெயர்ப்பை இயந்திரமே செய்து தந்துவிடுகிறது. ஒருவரும் வாசிப்பதில்லை. அதனால் என் பழக்கம் அவர்களுக்கு ஒரு வேடிக்கை.

அன்று நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். கேட்டதற்குச் சரியான பதில் இதுதான்.

நான் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார். சிரித்த முகத்தோடு வெளியாள் யாராவது எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தால், “என்ன வேணுமாம்?” என்றுதான் அப்பா முதலில் கேட்பார். அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளி முடித்து ஈப்போவுக்கு வந்தேன். டைப்பிங் படித்தேன், அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளுக்கு எழுத்துக் கோத்தேன், கணினியில் படம் செய்யும் மென்பொருளை அங்கேயே கற்றுக்கொண்டேன். இணையம் வந்த புதிதில், பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் துரைராஜா சார் நடத்திய சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். தளத்தின் படங்கள், தலைப்புகள், பட்டன்கள் எல்லாம் என் பொறுப்பு.

அப்போது பட்டன் என்பது ஒரு படம். முனை மழுங்கிய செவ்வகம் ஒன்றை வரைய வேண்டும். மேலே வெளிறிய நிறம், கீழே அடர்ந்த நிறம், நடுவில் இரண்டும் தெரியாமல் கலக்க வேண்டும். விளிம்பைப் புடைக்கவைத்து, அடியில் நிழல் விட்டு, மேலே எழுத்தை வைக்க வேண்டும். அதோடு முடியாது. ஒரே பட்டனை மூன்று முறை செய்ய வேண்டும்: சும்மா இருக்கும்போது ஒன்று, மவுஸ் அம்பு மேலே வரும்போது கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, அமுக்கும்போது ஒன்று. அமுக்கிய பட்டனுக்கு நிழலை எடுத்துவிட்டு எழுத்தை ஒரே ஒரு புள்ளி கீழே இறக்குவோம். அந்த ஒரு புள்ளியில்தான் விரலுக்கடியில் ஏதோ அமுங்கியதுபோல் இருக்கும். கடைசியில் ஓரத்துப் புள்ளிகளைப் பக்கத்தின் நிறத்தோடு கலந்து சேமிக்க வேண்டும். மறந்தால் பட்டனைச் சுற்றி வெள்ளையாகப் பிசிறு தெரியும், கையில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி.

துரைராஜா சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஈப்போவிலேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். அரசாங்கத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த அலுவலகத்தைத் தொடங்கியிருந்தார். நான் செய்த பட்டனை, புள்ளிகள் தரை ஓடு அளவுக்குத் தெரியும்வரை பெரிதாக்கி, மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து பார்ப்பார்.

“வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது?”

“மேல இடது பக்கம் சார்.”

“அப்ப இந்த ஒரு பட்டனுக்கு மட்டும் ஏன் வலது பக்கத்தால வருது? இதுக்கு வேற சூரியனோ?”

திருப்பி அனுப்பிவிடுவார். பாராட்டு என்பதே அவரிடம் கிடையாது. “ம்” என்றால் தேறிவிட்டது என்று அர்த்தம். தேறிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: “இதை அமத்தப்போறது ஆர்?” மாணவரா, வயதானவரா, கடைக்காரரா என்று சொல்ல வேண்டும். தெரியாது என்றால் கேட்டுவிட்டு வரச் சொல்வார்.

அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று சொல்லியிருந்தார். ஆனால் கீழே முடிதிருத்தும் கடையில் அவர் தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடித்திருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கம் புரட்டாமல் ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்கத் தெரியாதவருக்குப் பேப்பர் எதற்கு? கேட்கவில்லை, மனதில் போட்டுவைத்தேன்.

அந்த நாட்களில் தமிழ் எழுத்தை அப்படியே தளத்தில் போட்டால், பார்ப்பவர் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக வரும். அதனால் தமிழ்ப் பக்கம் முழுவதையும் படமாகவே செய்வோம். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் செய்ததைச் சரிபார்க்க ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் குணா வந்தார். வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் ஆள். சிலிம் ரிவர் பக்கத்தில் பழைய தோட்டம் ஒன்றை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. லயத்தில் இன்னும் நிறையக் குடும்பங்கள் இருந்தன. தோட்டத்தின் ஒரு ஓரத்திலேயே தரைவீடு வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுவனமோ டவுனுக்கு வெளியே அடுக்குமாடி தருகிறோம் என்றது. அதற்கு மூன்று மொழியில் ஒரு தளம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, மடிக்கணினியை வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெயரில் உள்ளே போய் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். “நம்ம தோட்டத்து ஆளுங்களும் ஹைடெக் ஆயிட்டாங்க லா!” என்று குணா சிரித்தார். நல்ல வெள்ளைச் சட்டை. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. போதாததற்கு அந்தத் தோட்டத்தில்தான் என் பெரியப்பா மகன் வீரையா அண்ணன் இருந்தார், குடியிருப்பாளர் குழுவுக்குத் தலைவராக.

வாசகங்களைக் கணினி வட்டில் கொடுத்திருந்தார்கள். பச்சைப் பட்டன் ஒன்றை வரைந்து, மூன்று மொழி எழுத்தையும் ஒரே கோப்பில் அடுக்கடுக்காக வைத்தேன். ஓர் அடுக்கை மறைத்து அடுத்ததைக் காட்டினால் மொழி மாறும். எப்போதும் தமிழில்தான் எனக்குச் சண்டை. மற்ற மொழிகளுக்குச் செய்த பட்டனில் தமிழ் அடங்காது. எழுத்தைச் சின்னதாக்க வேண்டும், இல்லையென்றால் பட்டனை இழுக்க வேண்டும். அன்று தமிழ், இரண்டு பக்கமும் இடம் விட்டு, சௌகரியமாக உட்கார்ந்தது.

தமிழ் இவ்வளவு சுலபமாக அடங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், ‘இந்த வாய்ப்பை ஏற்கிறேன்’ என்று இருந்தது. மலாயில் ‘தெரிமா தவாரான்’, அதுவும் தருவதை ஏற்பது என்றுதான். தமிழில் ‘விவரம் அறிய’.

மறுப்பதற்கென்று ஒரு பட்டன் எந்த மொழியிலும் இல்லை.

குணாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “அண்ணே, தமிழ்ல வேற என்னமோ வந்திருக்கு. விவரம் அறியன்னு போட்டிருக்கு.”

“அது சரிதான் தங்கச்சி. பார்த்து ஓகே பண்ணதுதான்.”

“மத்த ரெண்டுலயும் ஏத்துக்கிறேன்னு இருக்கே?”

“நீ பட்டன மட்டும் செய் லா. வாசகம் எல்லாம் எங்க வேல.”

சாரிடம் போய்த் திரையைக் காட்டினேன். அவர் தமிழ் அடுக்கைப் பார்த்தார். “என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லும்.” சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, “சரி, பட்டனைச் செய்து முடியும். ஒருத்தருக்கும் அனுப்பவேண்டாம். திங்கட்கிழமை பாப்பம்,” என்று கோப்பைத் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் சன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். குணாவின் கார் நின்றது. குணா கதவைத் திறந்துவிட, சார் உள்ளே ஏறி உட்கார்ந்தார். எனக்கு எல்லாம் பொருந்திப்போனது. வாசிக்கத் தெரியாது என்பது நடிப்பு. எனக்கு முன்னால் அதை வாசித்து ஓகே பண்ணியவரே இவர்தான். கோப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பட்டன்களையும் ஒரே தாளில் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு சிலிம் ரிவருக்குப் பஸ் ஏறினேன்.

வீரையா அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி லெட்சுமி அண்ணி டவுனில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற கிராணியாக இருந்தார். மூன்று மொழியும் வாசிப்பார். தேநீர் கொடுத்துவிட்டு அண்ணியும் பக்கத்தில் வந்து நின்றார். நான் விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினேன்.

அண்ணன் தாளை வாங்கவில்லை. “யாரு ஒன்னைய அனுப்புனா?”

“யாரும் அனுப்பலண்ணே. நானாத்தான் வந்தேன்.”

“ஒன்னோட கம்பெனிக்கே அவங்கதான வேல குடுத்திருக்காங்க? அப்பறம் ஏன் அவங்களுக்கு எதிரா வந்து பேசுற? இங்க கூட்டத்தக் கெடுக்கணும்னு நாலு பேரு சுத்துறானுங்க. அவனுங்க பேச்சக் கேட்டு வந்தியா?”

“இல்லண்ணே, இந்தத் தாள ஒரு தடவ பாருங்க.”

“இதுல என்ன இருக்கு? பட்டன் செய்யிறவ நீ. இதையும் நீயே செஞ்சிருக்கலாம்ல?”

அவர் சொன்னது உண்மை. அந்த எழுத்தை எனக்கு வேண்டியபடி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. என் கையில் இருந்தது நானே செய்த படம். அதை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது.

அண்ணி தாளை என் கையிலிருந்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். “மூணும் ஒரே பட்டனா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவரும் என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை, வேலையை விட்டுவிடுவது என்ற முடிவோடு அலுவலகம் போனேன். சார் எனக்கு முன்பே வந்திருந்தார். அந்த நிறுவனத்தின் வட்டு உறையில் போட்டு ஒட்டப்பட்டு மேசைமேல் இருந்தது.

“இதைத் திருப்பி அனுப்பும். நாங்கள் செய்யேல்லை.”

“சார்?”

“சனிக்கிழமை அவையின்ர ஒஃபிசுக்குப் போனன். மூண்டு வாசகமும் ஒண்டுதான் எண்டு எழுதி, கீழ ஒரு கையெழுத்து வையுங்கோ எண்டு கேட்டன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கையெழுத்துக் கேட்டால், மத்தியானச் சாப்பாடு குடுத்தாங்கள். நல்ல சாப்பாடு. கையெழுத்து வரேல்லை.”

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “சாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்தானே? கீழ பேப்பர் வாசிக்கிறதப் பார்த்திருக்கேன்.”

“மரண அறிவித்தல் பக்கம்,” என்றார். “படம் போடுவினம். தெரிஞ்ச முகம் ஏதும் இருக்கோ எண்டு பாப்பன். பேர் வாசிக்கத் தெரியாது. முகம் தெரியும்.”

மதியம் வரை இருவரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம்.

அந்தத் தளத்தின் வேலை வேறொரு அலுவலகத்துக்குப் போய்விட்டது. சீக்கிரமே தளம் திறந்தது. பச்சைப் பட்டனைச் சுற்றி வெள்ளைப் பிசிறு. தமிழில் அதே ‘விவரம் அறிய’. சார் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, “ஓரமும் துடைக்கேல்லை,” என்று முணுமுணுத்தார். கூட்டம் என்றைக்கு என்று அதிலேயே போட்டிருந்தது.

“போவமோ?” என்று அவர்தான் கேட்டார்.

அவருடைய பழைய காரில் போனோம். கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் குணா, இன்னொரு நாற்காலியில் வீரையா அண்ணன். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். நாங்கள் பின்னால் தூணோரம் நின்றோம்.

“ஒன்னும் கஷ்டம் இல்ல,” என்றார் குணா. “பேரு கூப்பிட்டா வாங்க, இந்தப் பச்சைய அமுக்குங்க, போலாம். முதல்ல தலைவரு வீடு!”

அண்ணன் எழுவதற்குள், பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்து வந்தார். “நான் அமுக்குறேன்,” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைப் பட்டனை அவர் தொடவில்லை. திரையின் மேல்மூலையில் மலாய் என்று இருந்ததை அமுக்கினார்.

“அண்ணி, அது வேணாம் லா,” குணா கையை நீட்டினார். “லைன் ரொம்ப ஸ்லோ. தமிழ்லயே போடுங்க.”

“இருக்கட்டும். எனக்கு மலாய்தான் சுலபமா வரும்.”

பக்கம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைப் பட்டன் அதே இடத்தில் வந்து நின்றது. அண்ணி மலாயில் சத்தமாக வாசித்தார். கிளினிக்கில் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “குடுக்கிறத ஏத்துக்கிறேன்னு போட்டிருக்கு.” மறுபடி தமிழுக்கு மாற்றினார். “இங்க விவரம் அறியன்னு இருக்கு. அதே எடம். அதே பச்ச. அமுக்குனா எது நெசம்னு இவரக் கேட்டுச் சொல்லுங்க.”

முன்வரிசையில் ஒரு பெரியவர், “அப்ப எங்கள என்னன்னு நெனச்சீங்க?” என்று எழுந்தார். அதோடு மண்டபம் முழுக்கச் சத்தம். குணா ஏதோ சொல்லிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வீரையா அண்ணன் எழுந்தார். மனைவியைப் பார்த்தார். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினார். “இன்னைக்கு யாரும் எதையும் அமுக்க வேணாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்றார்.

கடைசியில் என்னை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். காரில் வரும்போது சாரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர், “ம்,” என்றார்.

அதற்குப் பிறகு வக்கீல், கூட்டம், மனு என்று வருடக்கணக்கில் இழுத்தது. அத்தனைக்கும் முன்னால் நின்றவர் வீரையா அண்ணன்தான். அலைந்து அலைந்து உடம்பு பாதியாகிவிட்டது. சில குடும்பங்கள் பொறுக்க முடியாமல் வெளியேறின. மிச்சம் இருந்தவர்களுக்குத் தோட்டத்தின் ஓரத்திலேயே வரிசையாகத் தரைவீடுகள் கிடைத்தன. சார் கண் மங்கியதும் அலுவலகத்தை மூடினார். நான் வேறு நிறுவனங்களுக்குப் போனேன். பட்டன்கள் படமாக இருந்தது போய், வெறும் நிரல் வரிகளாயின. அண்ணனும் அப்படிக் கிடைத்த வீட்டில் சில வருடங்கள் இருந்து இறந்துபோனார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆண்பிள்ளைக்கு இருக்கும் ரோஷம் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு பங்கோர் தீவுக்குப் போகலாம் என்று லூமுட் படகுத்துறையில் நின்றிருந்தேன். ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குணா. தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தச் சிரிப்பு இல்லை.

“நீங்க இன்னும் என்னையத்தான் நெனச்சிட்டு இருப்பீங்க,” என்றார். “அந்தத் தமிழ நான் எழுதல தங்கச்சி. நான் சீன ஸ்கூல்ல படிச்சவன். பேசத்தான் வரும். மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் ஆபிஸ்ல குடுத்தாங்க. தமிழ எழுதிக் குடுத்தது அந்தத் தோட்டத்து ஆளு.”

“யாரு?”

“அன்னைக்கு மண்டபத்துல வாசிச்ச அண்ணியக் கேளுங்க,” என்றார். படகு வந்துவிட்டது.

பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. பழியை இன்னொருவர்மேல் போட்டுச் சொல்ல, இத்தனை வருடம் கழித்து அவருக்கு நான் கிடைத்திருக்கிறேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த வாரமே சிலிம் ரிவருக்குப் போனேன்.

லெட்சுமி அண்ணி வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே உட்காரவைத்தார். குணாவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணி குழாயை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஒங்க அண்ணன்தான் எழுதுனாரு,” என்றார். “நீ அந்தத் தாளக் கொண்டாறதுக்குக் கொஞ்ச நாளு முன்னாடி, அடுப்படிக்கு வந்து, விவரத்துக்கு எந்த ர போடணும்னு என்கிட்ட கேட்டாரு. நானும் சொல்லிக் குடுத்தேன். எதுக்குன்னு தெரியாது. நீ தாள நீட்டுனப்பதான் தெரிஞ்சிச்சு.”

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“காசுக்கோ வேற எதுக்கோ செஞ்சாருன்னு நெனைக்காத. ஃப்ளாட்டு கெடைக்கிறதே பெரிசு, இதையும் விட்டா ஒன்னுமில்லாம போயிரும்னு பயந்தாரு. ஏத்துக்கிறேன்னு எழுதுனா ஒருத்தனும் அமுக்க மாட்டான்னு அவருக்குத் தெரியும். நல்லதுதான் செய்யிறோம்னு நெனச்சிட்டாரு. நெனச்சிட்டுப் போகட்டும். ஆனா கண்ணக் கட்டி அமுக்க வைக்கலாமா? அவருகிட்ட சொன்னா சண்ட போட்டு என்னைய அடக்கிருவாரு. அதான் ஒன்னும் சொல்லாம மண்டபத்துக்குப் போனேன்.”

“அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசலியா அண்ணி?”

“ஒரு நாளும் பேசல.”

“ஒங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாமலே போயிருச்சா?”

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியாமயா மண்டபத்துல எந்திரிச்சு வந்து அத மூடுனாரு?”